சட்டைக்கு எத்தனை பத்தி

ரப்பர் விலை விழுந்து, ஊரில் யார் கையிலும் காசு ஓடாத வருடம் அது. துறைமுக வேலை நின்று நான்கு மாதமாக வீட்டிலிருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு வக்கீல் ஆபீசில் பியூன் வேலை கிடைத்தது. வெறுங்காலோடு வரக்கூடாது, மரக்கட்டைச் செருப்பு போட்டுச் சத்தமும் போடக்கூடாது, திங்கட்கிழமை தோல் செருப்போடு வந்தால்தான் வேலை என்று அங்கே குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி சொல்லிவிட்டார்.

நான் கையால் சட்டை தைப்பவள். மிஷின் கிடையாது. எங்கள் வரிசைக் கடைகளின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் செருப்புத் தைக்கும் அண்ணாமலை அண்ணனுக்கு ஒரு சட்டை தேவைப்பட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்றார். துணியும் தோலும் ஏறக்குறைய ஒரே விலை. அதனால் வேலையை மட்டும் அளப்பது என்று பேசிக்கொண்டோம். இருவரிடமும் கடிகாரம் இல்லை; ஒரு வேலை முடிவதற்குள் எத்தனை ஊதுபத்தி எரிகிறது என்று எண்ணிக்கொள்வது என்று முடிவானது. பூசைக்கு வைத்திருந்த ஊதுபத்திக் கட்டில் பாதியை என்னிடம் கொடுத்தார்.

என் சட்டைக்கு இருபது பத்தி எரிந்தது. அவர் செருப்புக்கு எட்டு. எனக்குத்தான் மிச்சம் வரும் என்று நினைத்து வெள்ளிக்கிழமை போனேன்.

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா மிஷின்காரன் கடையில பத்தி வச்சுப் பாத்தேன், ஆறுலயே முடிச்சிட்டான் லா. நீ மெதுவா தைக்கிறதுக்கு நானா பொறுப்பு? இன்னும் ரெண்டு பத்தி வேலை குடுத்துட்டு செருப்ப எடுத்துக்க."

மிஷினின் இரண்டு பத்தி என் கைக்கு ஏழு பத்தி. தைக்க வீட்டில் வேறு துணியும் இல்லை. செருப்பில்லாமல் திரும்பினேன். பாதி வழியில்தான் தோன்றியது: அவர் போய்ப் பார்த்ததுபோல நானும் பார்த்தால் என்ன?

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு செருப்புக்காரர் அதே மாதிரி ஜோடி ஒன்றை வெட்டத் தொடங்கியிருந்தார். தூணோரம் நின்று பத்தியைக் கொளுத்தினேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். இரண்டாவது பத்தியில் அவரே கேட்டுவிட்டார்.

"என்னக்கா, எனக்கா பத்தி? நான் இன்னும் சாகல லா."

சாம்பல் சேலையில் விழுந்தது. ஆனாலும் நகரவில்லை. ஆறாவது பத்தி அணையும்போது அவர் அந்த ஜோடியைக் கட்டித் தொங்கவிட்டார்.

எரிந்து மிஞ்சிய ஆறு குச்சிகளையும் அண்ணாமலை அண்ணன் முன்னால் வைத்தேன்.

"சந்தையில ஆறு, அண்ணே."

அவர் குச்சிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப நான் வெத்தல போட எந்திரிச்சதும் ஊர்க்கதை பேசுனதும் கணக்குல வராமப் போச்சு," என்று செருப்பை என் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார்.

புதிதாகத் தைக்க வரும் பெண்கள், கூலி பேசும்போது, இத்தனை நாள் பாடுபட்டேனே என்கிறார்கள். நாம் பட்ட பாட்டை யாரும் அளப்பதில்லை. அதே வேலையை ஊர் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறதோ, அதுதான் அதன் விலை. என் இருபது பத்தியில் பதினான்கு சும்மா எரிந்தது. இன்றும் பக்கத்துத் தெருவில் புது மிஷின் சத்தம் கேட்டால், அந்த ஆறு இப்போது எத்தனையாகக் குறைந்திருக்குமோ என்று பத்திக் கட்டைத் தேடுகிறேன்.