எசில்ஃபி எழுதாத செவ்வாய்க்கிழமைகள்

குவாமெனா எசில்ஃபி என் சித்தப்பா மகன். வயதில் எனக்கு ரெண்டு வருஷம் இளையவன், பிடிவாதத்தில் எனக்கும் மூத்தவன். எங்கள் எசுவானோ ஊரில் கடல் தண்ணீரின் சூட்டை அளப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவன் வேலை.

முன்னே தோணியில் போனவன்தான். வலை இழுக்கையில் இடுப்பு பிசகி, கரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அரசாங்க மீன் ஆபீஸ்காரர்கள் வந்து ஒரு வாளி, ஒரு கயிறு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடிக் குச்சி, கட்டம் போட்ட நோட்டு எல்லாம் அவன் கையில் கொடுத்தார்கள். விடிந்ததும் பாறை முனைக்குப் போய் வாளியைக் கடலில் இறக்கித் தூக்க வேண்டும். குச்சியை அதில் முக்கி, அது காட்டுகிற எண்ணை அந்த நாள் கட்டத்தில் எழுத வேண்டும். மாசம் முடிந்தால் தாள் தலைநகர் அக்ராவுக்குப் போகும். அவர்கள் கொடுத்த சம்பளம் கென்கி என்கிற சோள உருண்டைக்கும் மிளகாய்க்கும் காணும், அதற்குமேல் காணாது.

ஊரில் அவனுக்குத் தண்ணி டாக்டர் என்று பேர் வைத்தார்கள். பெண்கள் நாங்கள் சிரிக்கவில்லை. சாளை மீனைப் புகைபோட்டு விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஜூலை வாக்கில் அடிக்கடலிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அதன் பின்னாலேயே சாளை வரும். எண் இறங்க ஆரம்பித்தால் அவன் என் வாசலில் நின்று, விறகு வாங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். நான் வாங்கினால் தெருவே வாங்கும். ஒரு நாளும் அவன் சொல் பொய்த்ததில்லை.

இடைஞ்சல் செவ்வாய்க்கிழமையால் வந்தது. அன்றைக்குக் கடல் ஓய்வெடுக்கிறது. தோணி இறங்காது, வலை நனையாது, காலைக்கூட நனைக்க மாட்டோம். மீறினவன் மீனவர்களுக்குப் பெரியவரான கடல் தலைவருக்குத் தண்டமாக ஒரு கிடாயும் ரெண்டு புட்டி சாராயமும் வைக்க வேண்டும். அதனால் எசில்ஃபி அன்றைக்கு அளப்பதில்லை. அளக்காததை எழுதுவதும் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். ஆறு கட்டத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, ஏழாவது வெள்ளையாகக் கிடக்கும்.

பக்கத்து ஊர் அக்ரம்பாவில் இதே வேலை பார்க்கிறவன் பென்ட்சில். அங்கேயும் செவ்வாய்க்கிழமை கடல் தொட மாட்டார்கள். பென்ட்சில் என்ன செய்வான் என்றால், திங்கட்கிழமை எண்ணையே செவ்வாயிலும் போட்டுவிடுவான். அவன் நோட்டில் ஓட்டையே கிடையாது.

பழைய ஆபீசர்கள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அரசாங்கம் இந்த அளக்கிற வேலைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை வெட்டியது. கடல் சூடாகிறது, மழை தப்புகிறது என்று மண்டபம் பிடித்து, குளிர்சாதனம் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பேச அவர்களுக்குக் காசு இருந்தது. ஒரு வாளிக்கும் குச்சிக்கும்தான் இல்லை. எந்த ஊரில் அளப்பதை நிறுத்துவது என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கட்டம் நிரம்பியிருந்தால் அந்த ஊர் பிழைக்கும். ஏழு நாளில் ஆறு அளந்தால் எண்பத்தஞ்சுதான் வருமாம். அக்ரம்பாவுக்கு முழு நூறு.

எங்கள் ஊரில் அளப்பதை நிறுத்தப் போகிறோம் என்று கடிதம் வந்த அன்று நானே அவனிடம் சொன்னேன்.

"எழுதித் தொலையேன்டா. திங்கக்கெழம இருந்த கடலு ஒரு ராத்திரியில எங்க ஓடிடப் போவுது?"

"ஓடுதா இல்லையான்னு பாக்கத்தானேக்கா குச்சி குடுத்திருக்கான்," என்றான்.

ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை நான். அவன் நானா எடுவாம் என்கிற கடல் தலைவரிடம் போய், ஒரே ஒரு வாளி முக்க அனுமதி கேட்டான். உனக்கு வாளி விட்டால் நாளைக்கு மோட்டார்த் தோணிக்காரன் வலை விடுவான் என்று அவர் மறுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான், ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையே அம்போன்சா என்ற புது ஆபீசர் வந்து இறங்கினார். குமாசிப் பக்கத்து ஆள், கடல் பார்த்து வளர்ந்தவர் இல்லை. அவர் வந்த வண்டியின் விலைக்கு இருபது ஊரில் இருபது வருஷம் தண்ணீர் அளக்கலாம். ஆண்கள் எல்லாம் கொட்டகையில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நோட்டைப் பிரித்து, பேனாவை எசில்ஃபி கையில் கொடுத்தார். போன வருஷத்துச் செவ்வாய்களை இப்போதே நிரப்பு, ஊரைக் காப்பாற்றிவிடுகிறேன் என்றார். உதவி செய்கிறதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எந்த எண்ண எழுத, சார்?"

"திங்கள் எண்ணப் போடுங்க. இல்ல, திங்களுக்கும் புதனுக்கும் நடுவுல ஒண்ணு. அங்க யாரு உக்காந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்கப் போறதில்லன்னா எனக்கு எதுக்கு சார் இருபத்திரண்டு வருஷமா சம்பளம்?"

கொட்டகையில் ஊசிகள் நின்றுவிட்டன. அம்போன்சா முகம் கறுத்தது. இதில் என்ன கஷ்டம் என்று நான் காட்டுகிறேன் என்று வாளியையும் குச்சியையும் தூக்கிக்கொண்டு, பளபளக்கிற பூட்சோடு பாறை முனைக்கு நடந்தார். நாலு பேர் தடுத்தார்கள், எசில்ஃபியும் நொண்டிக்கொண்டே போய்த் தடுத்தான். கேட்கவில்லை. வாளியை இறக்கிவிட்டார்.

திரும்பி வருவதற்குள் வண்டியைச் சுற்றி ஊர் நின்றது. நான் அரசாங்கத்து ஆள் என்று அவர் குதித்தார். நானா எடுவாம் குரலை உயர்த்தவே இல்லை.

"லீவு நாள்ல நாங்க வந்து உங்க ஆபீஸ் கதவத் தட்டினா தெறப்பீங்களா சார்? இன்னைக்குக் கடலுக்கு லீவு. கெடாயக் கொண்டாங்க, வண்டிய எடுத்துட்டுப் போங்க."

கிடாய் விற்கிற வீடு அன்றைக்கு என் வீடு ஒன்றுதான். விலை சொல்லும்போது எனக்கு வாய் கூசவில்லை.

வாளியில் பார்த்த எண் இருபத்துமூன்று என்றார் அம்போன்சா. திங்கட்கிழமைக் கட்டத்தில் இருபத்தஞ்சு இருந்தது. ஒரு ராத்திரியில் குளிர்ந்த தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. எசில்ஃபி செவ்வாய்க் கட்டத்தில் இருபத்துமூன்று என்று எழுதி, அளந்தவர் அம்போன்சா என்று பக்கத்தில் போட்டான். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி நான்தான் சொன்னேன், திங்கள் எண்ணைப் போட்டிருந்தால் இந்தக் குளிரைக் கடலிலிருந்து அழித்திருப்பீர்கள் சார் என்று. பென்ட்சில் அன்றைக்கு இருபத்தஞ்சுதான் போட்டிருப்பான், சந்தேகமே இல்லை.

அதைப் பார்த்தாவது மனம் மாறுவார் என்று நினைத்தேன். ஒரு கட்டம் நிரம்பினாலும் எண்பத்தஞ்சு எண்பத்தஞ்சுதான் என்றார். வாளி, குச்சி, நோட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கையெழுத்து கேட்டார். எசில்ஃபி போட்டுக் கொடுத்தான். நானாக இருந்தால் அந்தப் பேனாவைக் கடலில் எறிந்திருப்பேன், செவ்வாய்க்கிழமை என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது எங்கள் கரைக்கும் சேர்த்து அக்ரம்பா எண்ணைத்தான் காலையில் ரேடியோவில் படிக்கிறார்கள். பென்ட்சிலுக்குப் புது வாளி வந்திருக்கிறதாம். படிக்க ஆரம்பித்ததும் நான் ரேடியோவை அணைக்கப் போவேன். எசில்ஃபி வலையைத் தைத்துக்கொண்டே கையைக் காட்டித் தடுப்பான்.

"இருக்கட்டும்க்கா. ஆறு நாள் நெசமா இருக்குமே."

அந்த ஆறு நாளையும் நான் நம்புவதாக இல்லை.