நடுத்தட்டும் பார்சல்காரரும்

ஒட்டு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துப் பெட்டியின் வாயில் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக நீவிவிட்டு, வேலை முடிந்தவர்போல எழுந்து நிற்கிறார் பார்சல்காரர். பிறகு மறுபடி உட்கார்ந்து இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார். “எதுக்கும் இருக்கட்டும்.” பெட்டிக்குள் இருப்பது ஒரு ஜோடி சாக்ஸ்.

கூரியர் ஆபீசின் பின்பக்க அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவருக்கு ஒரு நீள மேசை. அவர் கட்டிய பெட்டி வழியில் பிரிந்ததாக இதுவரை பேச்சே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகும் பிரிவதில்லை என்பதுதான் புகார். ஒருமுறை யாரோ ஒருவர் போன் செய்து, “கட்டி அனுப்பிட்டீங்க, சந்தோஷம். பிரிக்க எப்ப ஆள் அனுப்புவீங்க?” என்று கத்தினார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

வீட்டிலும் அதே கைதான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். சட்டைப் பொத்தான் போட்ட இடத்தில் உள்பக்கமாக ஒரு ஊக்கு இருக்கும். ஷூ கயிற்றில் முடிச்சுமேல் முடிச்சு. சாயங்காலம் வாசலில் காலை நீட்டிக்கொண்டு அவர் உட்கார, அவர் மனைவி தையல் ஊசியால் அந்த முடிச்சுகளை நெம்பி எடுப்பார். அந்த அம்மாள் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர். தப்பாக விழுந்த தையலைத் துணி நோகாமல் பிரிப்பதில் கெட்டிக்காரி. அவருக்கு வாய்த்த கணவரோ இப்படி.

அந்த அம்மாள் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பெரிய சாமான் ஒரு துணி அலமாரி. கதவில் கண்ணாடி பதித்தது. பலகை பலகையாகப் பெட்டியில் வந்ததைப் பார்சல்காரர்தான் ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து பூட்டினார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், “அலமாரியைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க” என்பார். ஆட்டியவர்களுக்குத் தோள்பட்டை வலித்ததே தவிர, அலமாரி அசையவில்லை.

அந்தப் பெருமைக்குத்தான் சோதனை வந்தது. பள்ளிச் சீருடையும் பேன்ட் அடிமடிப்புமாகத் தைத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு முதன்முதலாக ஒரு கல்யாண கவுன் தைக்கக் கிடைத்தது. சாட்டின் துணி, தரையைத் தொடும் நீளம். கல்யாணப் பெண் சாயங்காலம் வந்து போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் தோழிகளுக்கும் இங்கேயே தைக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். மத்தியானம் கவுனை அலமாரியில் மாட்டினால், பாதி உயரத்தில் குறுக்கே நின்ற நடுத்தட்டின்மேல் அது அழுக்குத் துணி மாதிரி குவிந்து விழுந்தது. ஜன்னலில் மாட்டினால் தெருப்புழுதி. கதவில் மாட்டினால் போகிறவர் வருகிறவர் தோள் உரசும்.

“ஏங்க, இந்த நடுத்தட்டைக் கழட்டிடுங்க.”

பார்சல்காரர் காதில் விழாததுபோலக் கீழ்த்தட்டை உருவி எடுத்தார். அது வெறும் முளைகளின்மேல் உட்கார்ந்திருப்பது. யார் இழுத்தாலும் வரும்.

“அது இல்லீங்க. நடுத்தட்டு.”

“அது நிலையா பூட்டுற தட்டும்மா. கழட்டுறதுக்கு இல்ல.”

“பூட்டினது நீங்கதானே? மனுஷன் பூட்டினதை மனுஷன் கழட்டலாம். ஆனா ஒரு கீறல் விழுந்துதுன்னு வைங்க...”  மிச்சம் அவருக்குப் புரிந்தது.

அலமாரியைக் காலி செய்து சுவர்ப்பக்கமாகத் திருப்பினார்கள். முதுகு அட்டையிலிருந்து நடுத்தட்டுக்குள் இறங்கியிருந்த பொடி ஆணிகளை, இடுக்கிக்கு அடியில் துணி வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார் பார்சல்காரர். அலமாரியை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்து, தட்டின் அடியில் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்து, உள்ளே இருந்த பூட்டுத் திருகுகளை இடப்பக்கமாகத் திருப்பினார். தட்டு இப்போது தளர வேண்டும். தளரவில்லை. அம்மாள் கீழிருந்து தட்டிப் பார்த்தார். கல்லாக இருந்தது.

“பூட்டுதான் திறந்தாச்சே, ஏன் வரல?”

பார்சல்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கிறேன்.”

“எதுக்கும் இருக்கட்டும்னு ஓரத்துல கொஞ்சம் பசை தடவினேன்.”

“கொஞ்சம்னா?”

“டப்பா பாதி.”

அம்மாளுக்கு வந்த கோபத்துக்கு வேறொரு நாளாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். கல்யாணப் பெண் வர நேரமாகிக்கொண்டிருந்ததால் கணவர் தப்பித்தார். “வெந்நீர் ஊத்தவா?” என்று கேட்டார் அம்மாள். “ஐயோ, தண்ணி பட்டா பலகை ஊதிடும்!” என்று அலறினார் பார்சல்காரர். ஈரம்பட்ட அட்டைப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. அம்மாள் உள்ளே போய்த் தலைமுடி காயவைக்கும் சூட்டு மெஷினையும், பொத்தான் தைக்கிற தடித்த நைலான் நூலையும் எடுத்து வந்தார்.

சூட்டுக் காற்றை இணைப்பில் காட்டியபடி அவர் குந்தியிருக்க, இளகிய இடத்தில் அம்மாள் நூலை நுழைத்து இரு கையாலும் முன்னும் பின்னும் அறுத்தார். இரண்டு பக்கமும் பசை விட்டது. ஆனாலும் பக்கப் பலகைகளிலிருந்து நீண்ட இரும்பு முளைகள் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கு ஒரே வழி, ஒரு பக்கப் பலகையின் பூட்டுகளை மேலேயும் கீழேயும் தளர்த்தி அதை வெளியே நகர்த்துவது. தான் பூட்டியதைத் தானே தளர்த்தியபோது பார்சல்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. பலகையை இரண்டு விரற்கடை இழுத்துப் பிடித்தார். அம்மாள் தட்டைச் சாய்த்து, குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். இரும்பு முளைகள் சாட்டினைக் கிழித்துவிடுமே என்று அவற்றையும் திருகி எடுத்து, பலகையை முன்போலப் பூட்டினார் பார்சல்காரர். அம்மாள் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

கவுன் மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் தொங்கியது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. பார்சல்காரர் பார்த்ததோ பக்கப் பலகையை. விரல் வைத்தால் லேசாக ஆடியது. நடுத்தட்டு இருந்தவரை ஆடாத பலகை. அவர் கை தானாகப் பசை டப்பாவைத் தேடியது. அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

கல்யாணப் பெண் உள்ளே வந்தபோது, பார்சல்காரர் அலமாரிமேல் தோளைச் சாய்த்து, ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு, சும்மா நிற்பவர்போல நின்றார்.

“உக்காருங்க அண்ணா.”

“இல்லம்மா, நின்னா எனக்கு முதுகுக்கு நல்லது.”

அவள் கவுனை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போனாள். அம்மாள் புடவை முனையைத் திருகிக்கொண்டு நின்றார். “அக்கா, இது நீங்களேவா தைச்சீங்க?” என்று கேட்டபோது பெண்ணின் கண் கலங்கியிருந்தது. “தோழிங்களையும் கூட்டிட்டு வரேன். அளவு எப்ப எடுப்பீங்க?”

“எப்ப வேணா கூட்டிட்டு வாங்கம்மா” என்றார் அம்மாள். கணவர் பக்கம் திரும்பி, “ஏங்க, பொண்ணுக்கு டீ கொண்டு வாங்க” என்றார்.

“நானா? நான் இங்க...”

அம்மாள் அருகே வந்து, பலகைமேல் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தார். “விடுங்க. நிக்கும்” என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவர் முதலில் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக. கடைசியாகத் தோளையும் எடுத்தார். பிறகு அலமாரியைப் பார்த்தபடி, விழுந்தால் பிடித்துவிடத் தயாராக இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துச் சமையலறைக்குப் போனார்.