ஆறாம் இருக்கையின் அழைப்பு மணி

இட்டுக்கட்டிச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இது நடந்தது. போன ஜனவரி 29, மாலை 5.08 முதல் 5.56 வரை. நம்பாதவர்கள் மத்தூருக்குப் போய் எவாஞ்சலினைக் கேட்கலாம். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடையின் கதவு மணியைக் கழற்றினால்தான் வருவேன் என்று சொல்லிச் சேர்ந்தவள்.

அப்போது அவள் ஒரு குட்டித் தனியார் ஜெட் விமானத்தில் பணிப்பெண். அன்று சென்னையிலிருந்து ஓசூருக்கு நாராயணப்பன் என்ற பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருந்தவர். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மூச்சு இருக்கும்போதே ஊர் சேர்க்க வேண்டும். ஓசூர் ஓடுதளத்தில் மகள் சம்பங்கி ஒரு டம்ளர் பாலோடு காத்திருந்தாள். உயிர் போவதற்குள் அப்பா வாயில் தன் கையால் பால் ஊற்றிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

முன்பக்கப் படுக்கையில் பெரியவர். பக்கத்தில் மகன் சிவராஜ், ஒரு நர்ஸ். ஏறும்போதே சிவராஜ் சொன்னார்.

"வேற பிளேன் கெடைக்கலீங்க, அதான் இதுல ஏறினோம். பின்னாடி ஆறாம் சீட்டுப் பக்கம் மட்டும் எங்கள வரச் சொல்லாதீங்க."

பணக்காரர்களுக்கு ஆயிரம் சகுனம் இருக்கும் என்று எவாஞ்சலின் விட்டுவிட்டாள்.

5.19. டிங்...

ஆறாம் இருக்கையின் அழைப்பு மணி. மேலே விளக்கு எரிந்தது. இருக்கையில் யாரும் இல்லை.

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இது பழைய தொல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிய அன்றும் தானாக அடித்துக்கொண்டே இருந்தது. சரிசெய்யும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பழுதுப் பதிவேட்டில் 'சிறு பழுது, அவசரமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். ஒரு மாதம் கழித்து அன்றுதான் இந்த விமானத்தில் மறுபடி ஏறினாள். இன்னுமா சரிசெய்யவில்லை? விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

5.27. டிங்...

மறுபடி போனாள். இருக்கையின் பெல்ட் மாட்டியிருந்தது. சற்று முன் அது தொங்கிக்கொண்டுதானே இருந்தது...?

கேப்டன் வெஸ்லினிடம் சொன்னாள்.

"ஒயர் ஷார்ட் ஆகியிருக்கும். பெல் ஸ்விட்ச்சையே ஆஃப் பண்ணிட்டேன். இனிமே அடிக்காது."

5.36. டிங்...

சிவராஜ் திரும்பவில்லை.

நான்கு நாளாக நினைவில்லாமல் கிடந்த பெரியவர் கண்ணைத் திறந்தார். எவாஞ்சலினையே பார்த்தார்.

"கூப்புடறா பாரு... போயி என்னான்னு கேளும்மா."

கண் மூடிக்கொண்டது.

எவாஞ்சலின் போனாள். காலி இருக்கையில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

"என்ன... என்ன வேணும்?"



5.49. இறங்கத் தொடங்கினார்கள். இருட்டிவிட்டால் அங்கே இறங்க அனுமதி இல்லை. இன்னொரு சுற்றுச் சுற்ற நேரமில்லை. எவாஞ்சலின் முன்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

5.52. டிங்...

"எழுந்திரிக்காத!" கேப்டன் கத்தினார்.

டிங்... டிங்...

விடாமல் அடித்தது.

டிங்... டிங்... டிங்...

அவள் போகவில்லை.

5.54. மணி நின்றது.

நர்ஸ் பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

5.56. சக்கரம் தரையைத் தொட்டது. கதவு திறந்ததும் சம்பங்கி ஓடிவந்தாள்.

"அப்பா... வாயத் தொறங்கப்பா."

பால் இரண்டு பக்கமும் வழிந்தது. எவாஞ்சலினால் அதைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் அருள்ஜோசப் ஆறாம் இருக்கையின் பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டினார். வெட்டிய இரண்டு ஒயர்கள். நுனியில் சுற்றிய டேப் பிரியவே இல்லை. மேலே தூசி.

"இது எப்படிம்மா அடிக்கும்? நீ எழுதிட்டுப் போன அன்னைக்கே வெட்டிட்டேன். அவசரமில்லன்னு எழுதியிருந்தியே... புது பார்ட் வந்தா போட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

பலகையைக் கீழே வைத்தார்.

"நீ லீவுல இருந்த, உனக்குத் தெரியாது. அதுக்கு மறுநாள்தான் அந்தப் பெரியவரோட சம்சாரம் சரோஜம்மாள இதே பிளேன்ல சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நெஞ்சு வலி. 'எது வேணும்னாலும் இத அழுத்தும்மா, ஆளு வரும்'னு ஆறாம் சீட்டுல உக்கார வச்சிட்டு, மகன் முன்னாடி வந்து தூங்கிட்டாரு. உன் எடத்துல வந்த அருணாவும் பெல் அடிச்சா போலாம்னு இருந்திருக்கா. அடிக்கவே இல்ல..."

"அப்புறம்?"

"எறக்கும்போது பட்டன்ல இருந்து அந்தம்மா வெரல எடுக்கவே முடியலயாம்."

எவாஞ்சலின் பதிவேட்டைப் புரட்டினாள். டிசம்பர் 22. சிறு பழுது, அவசரமில்லை. கீழே அவள் கையெழுத்து.