அடுப்புப் பலகையில் வைத்த போன்

எங்கள் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அதனால் ஈரம் படக்கூடாத எதையும் அடுப்புக்கு மேலே தொங்கும் பலகையில்தான் வைப்போம். விதை ராகி, மிளகு, ரேஷன் கார்டு எல்லாம் அங்கேதான். மகள் வாங்கிக்கொடுத்த போனையும் அங்கேயே வைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் என் வீட்டில் கிடையாது.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவளால் பேச முடியும். கொஞ்ச காலம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, காலையில் சார்ஜ் நிறைந்திருக்கும் போன், அவள் கூப்பிடுகிற நேரத்தில் அணைந்து கிடக்கும். ஒருநாள் அவள் பயந்துபோய், லீவு சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி வந்து நின்றாள். நான் காப்பிச் செடிக்கு அடியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ இருக்கறயா இல்லையான்னு தெரியாம நான் பஸ்ஸுல அழுதுட்டு வாரேன். நீ இங்க களை எடுக்கறயா?"

"போன் அணைஞ்சு போச்சு கண்ணு."

"இன்னொருக்கா அணையட்டும். ஊட்டப் பூட்டிட்டு உன்னையத் திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. அங்கே அவளுக்கு இருப்பது ஒற்றை அறை. வாசலைத் திறந்தால் தெரியாத முகங்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிற நான் அங்கே போய் என்ன செய்வேன்?

மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட்டு, ஏற்காட்டில் செல்போன் கடைக்கு எதிரே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கடைக்கார பாய் தானாகவே கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, பஸ்ஸுக்கு நிக்கறீங்களா, கடைக்கு நிக்கறீங்களா?"

போனை நீட்டினேன். வாங்கியவர் மூக்கருகே கொண்டுபோய்ச் சிரித்தார். "போனுங்களா, கருவாடுங்களா? புகை வாசம் நொம்ப அடிக்குது."

பின்மூடியைக் கழற்றினார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"சூடு ஆகாதுங்கம்மா இதுக்கு. இன்னும் வெச்சிருந்தா ஆபத்துங்க."

"ஈரம் ஆகாதுன்னு..."

"ஈரமும் ஆகாதுங்க, சூடும் ஆகாதுங்க."

"அப்புறம் எங்கதானுங்க வைக்கறது?"

கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது போலல்லவா இருக்கிறது இது!

புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். அணைவது நின்றது. ஆனாலும், பலகையில் வைக்காமல் வீட்டில் சும்மா கிடக்கும் போதே மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும். டவுனுக்கு எடுத்துப்போன அன்று அவ்வளவு இறங்கவில்லை. யாரும் தொடாத போன் எதற்குக் களைக்கிறது? களை எடுக்கும்போதும் எனக்கு அதே யோசனை.

போன் திரையின் மூலையில் படிக்கட்டு மாதிரி கோடுகள் தெரியுமே, அதைக் கவனித்தேன். எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் ஒரு கோடு வரும், போகும். மேட்டில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் எல்லாக் கோடும் நிற்கும். ஒருநாள் போனைப் பையில் போட்டு அந்த மர நிழலில் தொங்கவிட்டேன். மறுநாள் வீட்டில் வைத்தேன். அதற்கு அடுத்த நாள் திரும்பவும் மரத்தில். பக்கத்துக் காப்பிக் காட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, போனுக்குத் தூளி கட்டியிருக்கறீங்களா? பாட்டும் பாடுவீங்களா?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மரத்தில் தொங்கிய நாட்களில் சார்ஜ் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அடுத்த சந்தை நாளில் பாயிடம் நானே போய்ச் சொன்னேன்.

"ஆமாங்கம்மா. டவர் கெடைக்காத எடத்துல அது சும்மா இருக்காதுங்க. தேடிக்கிட்டே கெடக்கும்."

மேகத்துக்குள் ஆடு தொலைத்தவர்கள் தொண்டை கட்டும்வரை கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. பாவம், பலகையில் வெந்துகொண்டே இதுவும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வீட்டில் இருக்கும்போது அழுத்தச் சொல்லி ஏரோப்ளேன் படம் ஒன்றைக் காட்டினார் பாய். அதை அழுத்தினால் தேடாதாம்.

இப்போது காலையில் ஏரோப்ளேனை அழுத்துகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மேட்டுக்கு ஏறி, திரும்ப அழுத்தி அதை எடுத்துவிடுகிறேன். மகளும் முன்போலச் சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பதில்லை. போன வாரம் கூப்பிட்டாள்.

"சார்ஜ் எவ்வளவும்மா இருக்குது?"

"முக்காவாசி இருக்குது. உன்னுது சாமி?"

"எனக்குத்தான் தீரப்போவுது. செரி, நீ அங்கயே இரு. பொங்கலுக்கு நானே..."

சத்தம் நின்றுவிட்டது. பார்த்தேன், என் போனில் வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைந்தது அவளுடையது. நான் பயப்படவில்லை, பஸ் ஏறவும் ஓடவில்லை. காலையிலிருந்து அதை எங்கே வைத்திருப்பாள்? இஸ்திரிப் பெட்டி பக்கத்திலா, தகரக் கூரைக்குக் கீழேயா? நாளைக்குக் கேட்க வேண்டும்.