கொல்லை வழியாகப் போன கேபிள்

எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் காதில் விழாது. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஹால், அதற்குப் பின்னால் ஓர் அறை, பிறகு சமையலறை, அதையும் தாண்டினால் கொல்லையை ஒட்டிக் கடைசி அறை. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். வாசல் ஹாலில் மாட்டியிருந்த ரூட்டர் இரண்டாவது சுவரிலேயே களைத்துப்போய்விடும்.

எனக்கோ அந்தக் கடைசி அறையில்தான் வேலை. வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாசுரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹாலில் உட்கார்ந்து சொன்னால் ஆட்டோ ஹாரனும் என் கணவர் வைக்கும் டீவியும் பாசுரத்தோடு சேர்ந்து கடல் கடந்து போய்விடும். கடைசி அறையிலோ பாதிப் பாட்டில் படம் உறைந்துபோகும். நான் வாயைத் திறந்தபடியே நிற்பதைப் பார்த்து அந்தக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்குக் கோபம் எப்போதுமே மூக்கு நுனியில்தான். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

நெட் கம்பெனியில் சொன்னேன். ஒரு டெக்னீஷியன் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், காதோரம் நரை, தோளில் கேபிள் சுருள். வீட்டை ஒரு தடவை கண்ணால் அளந்தார்.

"புதுசா ஒண்ணும் வாங்க வேணாம்மா. பழைய ரூட்டர் ஏதாச்சும் கிடக்கா?"

பரணில் ஒன்று கிடந்தது. அதை ஹால் மேஜையில் வைத்துத் தூசி துடைத்து, தன் லேப்டாப்பில் செருகி ஏதேதோ தட்டினார். செய்வதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டே செய்தார். அது அவர் பழக்கம் போலிருக்கிறது.

"ரூட்டர்தான் வீட்ல இருக்கிற போனுக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் குடுக்கும். ரெண்டு ரூட்டரும் நம்பர் குடுத்தா, யார் பேச்சைக் கேக்கறதுன்னு போனெல்லாம் முழிக்கும். அதனால பழசு நம்பர் குடுக்கறதை நிறுத்திட்டேன். முன்னாடி இருக்கிறது குடுக்கறதை வாங்கிப் பின்னாடி அனுப்பற வேலை மட்டும்தான் இனிமே இதுக்கு."

இவ்வளவு தெளிவாக ஒருத்தர் பேசினால் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது இது.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"மருங்காபுரிப் பக்கங்க. இப்ப திருவானைக்காவல்ல வாடகைக்கு இருக்கோம்."

"மருங்காபுரியில எங்க?"

அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊருக்குக் கொஞ்சம் வெளியங்க" என்றார்.

இந்த இரண்டாவது கேள்வியை நம் பக்கத்தில் யாரும் பூகோளம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ரூட்டரைப் பற்றி எதுவும் விளக்கவில்லை.

கேபிளைப் பிரித்துக்கொண்டே, "ரூம், கிச்சன், கடைசி ரூம். சுவத்தோரமா நேரா அடிச்சுட்டுப் போயிரலாம். அரை மணி நேர வேலைதான்" என்றார்.

"கிச்சன் வழியா வேண்டாம்."

"ஒயர் தெரியாம மேல அடிக்கறேன்மா."

"அதுக்கில்ல. எங்க மாமியார் ரொம்ப ஆசாரம். சமையலறைக்குள்ள வெளி மனுஷா யாரையும் விடமாட்டா."

என் மாமியார் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் இதைச் சொன்னபோது அவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே, பிளாஸ்டிக் மாலை போட்டு, மாமியாரின் படம் மாட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு "சரிங்கம்மா" என்றார். பாவம் மாமியார், கடைசி காலத்தில் கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவரைச் சமையலறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தவள். செத்துப்போனவள் தலையில் பழியைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கேபிள் மொட்டை மாடி சுற்றிப் போவதென்று ஆயிற்று. சித்திரை மாத வெயில். மேலே அவர் நடப்பதும் ஆணி அடிப்பதும் கீழே கேட்டது. கேபிளைக் கொல்லையில் இறக்கியாகிவிட்டது. இனி கடைசி அறைக்குள் அவர் வர வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து அதற்குச் சமையலறை வழியைத் தவிர வேறு வழியில்லை.

"தெருவைச் சுத்திண்டு வந்தா பின்னாடி ஒரு சந்து வரும். கொல்லைக் கதவைத் திறந்து வைக்கறேன், அந்த வழியா வாங்க" என்றேன்.

அந்தச் சந்து வழியாக முன்னொரு காலத்தில் யார் வந்தார்கள், என்ன வேலைக்காக வந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ரூட்டரை மட்டும் நீங்க எடுத்துட்டு வந்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. இத்தனை நாளில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ரூட்டர் ஹால் மேஜையில் இருந்தது. ஒரு மணி நேரமாக அவர் கையில் இருந்த பொருள். அதை எடுத்துக்கொண்டு நான் சமையலறை வழியாகப் போக வேண்டும். சொம்பிலிருந்து தண்ணீரை எடுத்து அதன் மேல் மூன்று தடவை தெளித்தேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே போய்விட்டு வந்த பாத்திரத்துக்குச் செய்வதுபோலச் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை பாட்டுக்குச் செய்தது என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யோசிக்காமலே கை அப்படிச் செய்கிறது என்பதுதான் இதில் மோசம். அது பித்தளைப் பாத்திரமும் இல்லை. சூடு வெளியேற மேலெல்லாம் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி.

அவர் வியர்த்து விறுவிறுக்கக் கொல்லை வழியாக வந்து, கேபிளைச் செருகினார். விளக்குகள் எரிந்தன. அரை மணி வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் கேட்டார். பேப்பர் கப்பில் கொடுத்தேன். கொரோனா காலத்தில் சுத்தத்துக்காக வாங்கியவை என்று சொல்லிக்கொள்ள வசதியான கப்புகள் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு.

மறுநாள் காலை வகுப்பின் நடுவில் நெட் போயிற்று. கடைசி அறையில் மட்டுமில்லை, ஹாலிலும் போயிற்று, வீடு முழுக்கப் போயிற்று. எனக்குத் தலைக்கேறிவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டு, "நேத்து வந்த உங்க ஆளு வேலை தெரியாம எதையோ மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான்" என்று கத்தினேன். நேரில் 'வாங்க' என்றவள், போனில் 'போயிட்டான்' என்றேன்.

மதியம் அவர் வந்தார். வாசலுக்கு வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து கொல்லைக் கதவைத் தட்டினார்.

கடைசி அறை ரூட்டரைக் கழற்றினார். உடனே ஹாலில் நெட் வந்துவிட்டது. கழற்றியதைக் கவிழ்த்து லேசாகத் தட்டினார். கேபிள் செருகும் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"தண்ணி போயிருக்கும்மா. இது கெட்டுப்போனதால முன்னாடி இருக்கிறதையும் சேர்த்துக் குழப்பிவிட்ருக்கு."

நான் அந்தச் சொட்டைக் காலால் தேய்த்தேன்.

"தொடைச்சீங்களா?"

"தூசியா இருந்தது."

"தூசியை நான் நேத்தே தொடைச்சிட்டேங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அது கேள்வியும் இல்லை. ஈரத்துணி கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே மறைந்து போய்விட வேண்டும்போல் இருந்தது.

அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய ரூட்டரை எடுத்தார். "எங்கிட்ட சும்மா கிடந்தது, வச்சுக்கங்க" என்று அதைச் சரிசெய்து மாட்டினார். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இந்த மாசம் என் பேர்ல இது ரெண்டாவது கம்ப்ளைண்ட்மா. இதுவும் என் தப்புன்னு பதிவாச்சுன்னா ஏரியா மாத்திருவாங்க. துறையூர்ப் பக்கம் தூக்கிப் போட்டாங்கன்னா கஷ்டம். சம்சாரம் விடியவே வேலைக்குப் போயிரும். பொண்ணை ஸ்கூல்ல விட்டுக் கூட்டியாறது நாந்தான். காரணம், தண்ணி பட்டதுன்னு போடறேன். ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குப் போன் வரும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் அதைவிடப் பெரிய உபகாரம் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

சாயங்காலம் போன் வந்தது. நான் ஹாலில் இருந்தேன். எதிரே என் கணவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் சொதப்பிவிட்டார் என்று காலையிலேயே அவரிடம் புலம்பியிருந்தேன்.

"மேடம், ரூட்டர்ல தண்ணி பட்டதுன்னு டெக்னீஷியன் போட்டிருக்கார். சரியா மேடம்?" என்றது ஒரு பெண் குரல்.

கணவர் தலையைத் தூக்கி, "தண்ணியா? எப்படிப் பட்டுது?" என்றார்.

ஆமாம் என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். தெளித்தேன் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிப்பார். "இந்தக் காலத்துலயுமா?" என்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அவ்வளவுதான். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

"எங்க ஆத்துல ரூட்டர்ல எப்படித் தண்ணி படும்?" என்றேன் போனில்.

"அப்ப டெக்னீஷியன் தப்புன்னு போட்டுக்கலாமா மேடம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நீங்க பாத்துக்கோங்கோ."

வைத்துவிட்டேன். கணவர் டீவிக்குத் திரும்பிவிட்டார். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். டெக்னீஷியன் நம்பர் என் போனில் இருந்தது. இரண்டு தடவை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். அவர் கொடுத்த ரூட்டர் அருமையாக வேலை செய்தது. ஒரு நாள்கூடப் படம் உறையவில்லை. பெருமாள் முன்னால் எல்லாரும் ஒன்றுதான் என்று அந்தக் குழந்தைகளுக்கு நான் தங்குதடையின்றிச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது காது மடல் சுடும். ஆனாலும் சொன்னேன்.

மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் மொட்டை மாடியில் போன கேபிளைக் குரங்கு கடித்துவிட்டது. வேறொரு டெக்னீஷியன் வந்தார். சின்ன வயசு, நெற்றியில் பளிச்சென்று திருமண். "நமஸ்காரம் மாமி" என்றபடி வாசலில் நின்றார்.

"வாங்கோ வாங்கோ" என்றேன். முன்னவருக்கு 'வாங்க' என்ற அதே வாய்தான்.

"எதுக்கு மாமி மாடி சுத்திக் கேபிள்? தளிகை உள் வழியா நேரா இழுத்துடலாமே."

"பேஷா" என்றேன்.

அவர் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளி மனிதர் யாரும் வரக் கூடாது என்பதல்ல எங்கள் வீட்டு ஆசாரம். அப்படி ஒரு ஆசாரம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. இந்தப் பிள்ளையிடம் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.

"முன்னாடி இந்த ஏரியா பாத்துண்டிருந்தவர் எங்க?" என்று கேட்டேன்.

"அவரா மாமி? துறையூர் லைனுக்கு மாத்திட்டா. கொஞ்ச நாள் இங்கேர்ந்து போயிண்டு வந்துண்டிருந்தார். அப்புறம் முடியலேன்னு வேலையை விட்டுட்டார். நன்னா வேலை தெரிஞ்சவர்."

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் ஆபீஸ் போன் வந்தது. குரங்கு கடித்தது உண்மையா என்று கேட்டாள் ஒரு பெண். ஆமாம் என்றேன். ஒரே வார்த்தைதான். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா" என்றேன். "போன தடவை ஒருத்தர் வந்தாரே, அவர் தண்ணி பட்டதுன்னு போட்டது நிஜம். நான்தான் தெளிச்சேன். அவர் மேல ஒரு தப்பும் இல்லை." கணவர் எதிரேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

கீபோர்டில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அந்தக் கம்ப்ளைண்ட் எப்பவோ க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். இனிமே அதுல எதையும் மாத்த முடியாது. இன்னிக்கு வந்த டெக்னீஷியனுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

பத்து என்றேன்.