செவலையின் கழுத்து

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கோடையில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கே என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். மீனை ஏமாற்றுகிற பொய்ப்பூச்சி விற்கும் கடை.

திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் இருந்தது. முன்பக்கம் கண்மாய்க்காரர்களுக்கு வலை, நரம்பு, தூண்டில்முள். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் அட்டையில் குத்தி வைத்த சின்னச் சின்ன முள்கள், ஒவ்வொன்றிலும் கோழி இறகு சுற்றியிருக்கும். கொடைக்கானல் ஓடைகளில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன், தண்ணீரில் விழுந்த பூச்சி என்று நம்பி அதைக் கவ்வுமாம். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் மீனும் அவன் பொழுதுபோக்கும் மலையிலேயே தங்கிவிட்டன. சீசனுக்குப் போகும் கனவான்கள் காரை நிறுத்தி வாங்கிப் போவார்கள். புழுவைக் குத்திக் கெண்டை பிடிக்கிற ஊரில் பிறந்த எனக்கு இதெல்லாம் திமிராகத்தான் பட்டது.

ஆனால் வேலை வேண்டும். மேலே படிக்க வழியில்லை என்று ஆகிவிட்டது. வேலை இல்லையென்றால் அப்பாவோடு கத்தரிக்காய்த் தோட்டத்தில் எருச் சுமக்க வேண்டும். சுமக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன்.

முதலாளி ஒரு காலத்தில் மலையில் எஸ்டேட் துரையிடம் எழுத்தராக இருந்தவர். என்னை ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கேட்டார். எந்த ஊர், என்ன வெள்ளாமை என்று விசாரித்தார். கடைசியில் வீட்டில் சேவல் உண்டா என்றார். அப்பா சண்டைக்கு வளர்க்கும் செவலையைப் பற்றி நானும் அளந்து விட்டேன். அதன் கழுத்துச் செம்பொன் நிறத்தில் வெயில் பட்டால் கண் கூசும் என்றேன். சீசன் முழுக்கக் காலையில் மட்டும் வேலை, பிடித்திருந்தால் வருஷம் பூராவும் வைத்துக்கொள்கிறேன் என்றார். என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வாரம் போனதும் கேட்டுவிட்டார், செவலையின் கழுத்து இறகு கொஞ்சம் வேண்டும் என்று. கறிக்கடைச் சேவல் இறகு தொய்ந்துபோகுமாம். சண்டைச் சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நின்று தண்ணீரில் மிதக்குமாம். எங்கள் பக்கத்தில் கழுத்து மொட்டையான சேவலைச் சண்டைக் கட்டுக்குக் கொண்டுபோனால் களத்தில் இறக்க விடமாட்டார்கள், சேவல்காரன் தலைகாட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார்.

ராத்திரிச் சோற்றில் உட்கார்ந்து முதலாளியைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இதை வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. குடுக்கலைன்னா வேலை போயிருமா என்று மட்டும் கேட்டார். போனாலும் போகும் என்றேன்.

மறுநாள் விடியலில் கொல்லையில் செவலையின் சத்தம் இல்லை. அப்பா கழுத்துத் தோலை இறகோடு முழுசாக உரித்து, உள்பக்கம் உப்பும் சாம்பலும் தடவி, தேக்கிலையில் பொதிந்து வைத்திருந்தார். முந்தின தையில் களத்தில் ஜெயித்த செவலையைத் தூக்கிக்கொண்டு ஆடியவர் அவர். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு. அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

என்னோடு அவரே கடைக்கு வந்தார். முதலாளி ஓர் இறகைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொக்கிப்போனார். அப்பாவுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். “பையனுக்கு வேல நெலச்சிரும்ல, மொதலாளி?” என்று அப்பா கேட்டதற்கு, அதுக்கென்ன பெரியவரே என்றார்.

சீசன் முடிகிற சமயம் அவர் என்னைக் கூப்பிட்டார். முகம் கோணாமல், குரல் உயர்த்தாமல், இனி வர வேண்டாம் தம்பி என்றார். எனக்கு விளங்கவில்லை. கடையில் முள்ளில் இறகு கட்டுகிற பாய்தான் வாசல்வரை வந்து விஷயத்தைச் சொன்னார். பேகம்பூர்க்காரர், அப்பாவை அத்தா என்றுதான் சொல்வார், பொய் பேசத் தெரியாதவர்.

“அந்தக் கழுத்து ரெண்டு சீசனுக்குத் தாங்கும் தம்பி. உங்கத்தா வாரத்துக்கு நாலு இறகாக் குடுத்துவிட்டிருந்தா நீங்க இங்கனயே இருந்திருப்பீக.”

இதை அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. சீசன் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஒளிந்து ஒளிந்து கடைசியில் எருக்கூடைதான் என் தலைக்கு வந்தது. வேலை கொடுத்தவன் மேல் இருந்த ஆத்திரத்தைவிட, இருந்ததை எல்லாம் ஒரே நாளில் தூக்கிக் கொடுத்த மனுஷன் மேல் எனக்கு அதிக ஆத்திரம் இருந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் இருந்தது.

அடுத்த கோடையில் திண்டுக்கல் சந்தையில் கத்தரிக்காய் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. அட்டை முழுக்கச் செம்பொன் நிறப் பூச்சிகள்.

“நம்ம செவலைதான் அப்பு,” என்று ஒன்றைத் தொடப் போனார்.

“தொடாதீங்க பெரியவரே,” என்றார் முதலாளி. “கை அழுக்குப் பட்டா மிதக்காது.” அப்பாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்பா கையை இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தார்.

“இம்புட்டு அழகா இருந்தா மீனு ஏமாறத்தானே செய்யும்?” என்று கேட்டார்.

“ஏமாறும்ப்பா,” என்றேன்.