டெஸ்டுக்குத் தனிக் கலவை

என் வீட்டுக்காரரோடு விருந்துக்குப் போவதைப்போல மானக்கேடு வேறில்லை. கை கழுவியதும் இலையில் உட்கார மாட்டார். நேரே சுவரிடம் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூச்சு சரியாகப் பிடிக்காமல் உள்ளே பொக்கையாக இருந்தால் ஒரு சத்தம் வருமாம். விருந்து வைத்தவர்கள் பார்த்துத் தொலைக்கப் போகிறார்களே என்று நான் இடுப்பில் கிள்ளுவேன். சும்மாதான் பார்த்தேன் என்பார். பிறகு அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் தட்டுவார்.

இப்போது அவர் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஃபோர்மேன். ஆண்டுக்கு ஒரு மாதம் வருவார். மற்ற மாதங்களில் பாளையங்கோட்டையில் நான் தனியாகக் கல்யாண வீட்டுக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் போய், ஒழுங்கான பெண்பிள்ளையாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். யாரும் யார் வீட்டுச் சுவரையும் தட்டுவதில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவர் ஏன் போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அவர் சின்ன கான்ட்ராக்டர். சொந்தமாக ஒரு மிக்ஸர் மெஷின், ஒரு லோடு ஆட்டோ, நம்பிக்கையான கொத்தனார்கள். கூடங்குளத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதைக் கலவைக்கு ஊற்றினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துவிடும். அதனால் நல்ல தண்ணீரை லாரியில் வரவழைத்துத்தான் வேலை செய்தார். மேல்தளம் போட்ட நாளில், என் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காக நான்தான் அவரை இங்கே பிடித்து வைத்திருந்தேன். அங்கே தண்ணீர் லாரி வரத் தாமதமாகிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் ஜோசியரிடம் நேரம் குறித்து வைத்திருந்தார். ராகு காலம் பிறப்பதற்குள் முதல் சட்டி கான்கிரீட் விழுந்தாக வேண்டும் என்று அவரே கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டார். நல்ல நேரத்தில் கெட்ட தண்ணீரை ஊற்றித் தளம் போட்டு முடித்தார்கள்.

மாலையில் இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். இடிக்க வேண்டும் என்றார். சொந்தக்காரர் சிரித்தார். கம்பி துருப்பிடிப்பதற்கு எத்தனையோ வருஷம் ஆகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். உம்மிடம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சத்தியம்கூடச் செய்தாராம். இவர் கேட்கவில்லை. முழுதாக இறுகுவதற்குள் இடித்துத் தள்ளி, தன் சொந்தச் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதோடு மெஷினும் போயிற்று, லோடு ஆட்டோவும் போயிற்று. வேலையும் கையை விட்டுப் போனது. ஊரில் மற்ற கான்ட்ராக்டர்கள் கிறுக்கன் என்றார்கள். அவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் விமானம் ஏறியபிறகும் என் கோபம் தீரவில்லை. ஆனி மாதம் தென்காசிப் பக்கமிருந்து சாரல் காற்று வரும்போது மாடியில் துணி காயப்போடுவேன். அவர் சட்டையைத் துவைத்தால் துவைகல்லில் சிமென்ட் சாந்து கரையும். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது என் சேலைகள் மட்டும் கொடியில் ஆடும், கல் சுத்தமாக இருக்கும். யாரோ ஒருவர் வீட்டுக் கூரை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக என் வீட்டில் ஆள் இல்லாமல் போனதே என்று ஆத்திரமாக வரும். என்னைவிட அந்தக் கான்கிரீட்தான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

போன வருஷம் வண்ணார்பேட்டையில் அடுக்குமாடி கட்டுகிற ஒரு அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். அல்வாப் பொட்டலத்தோடு வந்து, காபி குடித்து, பள்ளிக்கூடத்தில் என் வேலையைப் பற்றியெல்லாம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். தளத்தை இடித்த கதை இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிறதாம். வீடு வாங்க வருகிறவர்களே அதைச் சொல்கிறார்களாம்.

“ஒங்க வீட்டுக்காரரு எங்க சைட்டுக்குப் பொறுப்புன்னு போர்டுல பேரு இருந்தாப் போதும் டீச்சர். ஜனங்க நம்பி வருவாங்க. அங்க வாங்குத சம்பளத்த நான் இங்கனயே குடுக்கேன்” என்றார்.

அவர் போனதும் அல்வாவைப் பிரிக்கக்கூட இல்லை. போனை எடுத்துவிட்டேன். விஷயம் முழுவதையும் இவரிடம் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்கள் தளம் போடுகிற நாளில் ஒருதடவை நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நீ சரி என்றால் நான் கிளம்பி வந்துவிடுகிறேன் என்றார். கல்யாணமான புதிதில் வேலை நடக்கிற இடங்களுக்கெல்லாம் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவள் நான். எது சரி, எது கோணல் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பைக்கை மெக்கானிக்கிடம் கொடுத்து ஓட வைத்தேன். பீரோவில் இருந்த வேட்டிகளை வெயிலில் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லக்கூடாது என்று நினைத்து, சொல்லியும் விட்டேன்.

தளம் போடுகிற அன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கம்பி நேராகக் கட்டியிருந்தார்கள். கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகைகளில் சந்து இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சைட் சூப்பர்வைசர் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, ‘சாரு எப்பம் வாராவ?’ என்று கேட்டார். என் வாய் காதுவரை போயிற்று.

மோர் டம்ளரை வைக்க இடம் தேடியபோதுதான் மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன். மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அங்கே இரண்டு பெண்கள் தகரத்தின்மேல் கையால் ஒரு கலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷினிலிருந்து விழுகிற கலவை வெளுத்து, தண்ணீராக ஓடியது. இது நன்றாகக் கறுத்துக் கெட்டியாக, சிமென்டும் ஜல்லியும் தாராளமாகச் சேர்ந்து இருந்தது. பக்கத்தில் சின்ன இரும்புப் பெட்டிகள். முறைப்படி, தளத்துக்குப் போகிற கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து அந்தப் பெட்டிகளில் நிரப்பி, இறுகியபின் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டடத்தின் பலத்துக்கு அதுதான் சாட்சி. ஆனால் அந்தப் பெண்கள் தகரத்திலிருந்த கலவையை அள்ளி அந்தப் பெட்டிகளில் நிரப்பினார்கள்.

இது என்ன என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“அது டெஸ்டுக்கு, டீச்சர். தனியாத்தான் கலக்குவோம். சாமிக்குத் தனியாப் பொங்குதோம்லா, அது மாதிரி” என்றார்.

மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. திருடுகிறோம் என்று தெரிந்து திருடுகிறவனிடமாவது கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். சூப்பர்வைசரோ மேல்தட்டில் நின்ற ஆட்களைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கட்டடம் நாளைக்கே விழுந்துவிடாது. இவர் வந்துவிட்டால் இவரே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். நல்ல வாதங்கள்தான். ஆனால் போர்டில் பேர் இருந்தால் போதும் என்றுதான் அண்ணாச்சி சொன்னார், கலவையைப் பார்க்க வா என்று சொல்லவில்லை. இருந்தாலும் எனக்கு என் வீட்டுக்காரர் வேண்டும். வாசலில் பைக் நிற்கிற சத்தம் வேண்டும், துவைகல்லில் அந்தச் சாந்து வேண்டும். பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் அழுதுகொண்டு போவதைப் பக்கத்து சீட்டுக்காரி பார்க்காததுபோல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் கூப்பிட்டார். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன், மோரைப் பற்றிச் சொன்னேன், கம்பி கட்டியிருந்த நேர்த்தியைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் குரல் மாறிக்கொண்டே வந்தது.

“டெஸ்டுக்குப் பெட்டி எடுத்தாவளா?” என்று கேட்டார்.

“எடுத்தாவ” என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் மூச்சு விட்டார். ராஜினாமா கடிதத்தை எப்போது கொடுப்பது, டிக்கெட் எந்த மாதம் மலிவு, வந்ததும் மாடியில் ஒரு அறை கட்டலாமா என்று பேச ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி எவ்வளவோ காலமாயிற்று. அறைக்கு ஜன்னல் மேற்கே வைக்கலாம், சாரல் காற்று வரும் என்றார். அந்த ஜன்னல் எனக்குக் கண்முன் தெரிந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அத்தான், தனியாக் கலக்கி எடுத்தாவ” என்றேன்.

அங்கே யாரோ தொலைக்காட்சி பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது திட்டப்போகிறாரா, சரி என்று வைத்துவிடப் போகிறாரா என்று காத்திருந்தேன். மெல்ல, அவரா இது என்று எனக்குச் சந்தேகம் வருகிற ஒரு குரலில் பேசினார்.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா பிள்ள” என்றார்.

அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வரமுடியாத நிலைமை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருப்பார். வர வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.